சாத்தம் சதுக்கம்: கிளை கிளையாக வெட்டப்பட்ட ஒரு மேம்பால ரயில் நிலையம்

கேள்வி இது: "நியூயார்க்கின் 1930களின் ரயில் வரைபடம் ஒன்றில், சைனாடவுனுக்கு நடுவே சாத்தம் சதுக்கம் என்று ஒரு பெரிய சந்திப்பு காட்டியிருக்கிறார்கள். இன்றைய வரைபடத்தில் அந்த இடத்தில் நிலையமே இல்லை. அங்கே என்ன இருந்தது? எங்கே போயிற்று?"

வரைபடத்தில் தப்பில்லை. 1878 முதல் 1955 வரை, 77 வருடம், அந்தச் சதுக்கத்தின் தலைக்கு மேலே ஒரு மேம்பால ரயில் நிலையம் இருந்தது. சின்ன நிறுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். நாலு திசையிலிருந்தும் வந்த நாலு பாதைகள் கூடிய இடம் அது, கடைசிப் பாதி ஆயுளில் இரண்டு அடுக்காக நின்றது. 1955 மே 12ஆம் தேதி மூடினார்கள், அப்புறம் சில மாதங்களிலேயே இரும்பை அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "இதை எடுத்துவிடுகிறோம், பக்கத்திலேயே சுரங்க ரயில் வரும்" என்று நகரம் சொன்னது. அந்தச் சுரங்க ரயில் இன்றுவரை சாத்தம் சதுக்கத்துக்கு வரவில்லை. சுருக்கமான பதில் இவ்வளவுதான். ஆனால் கதை இதைவிடச் சுவாரசியமானது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மன்ஹாட்டனின் வடக்குப் பகுதி முழுக்கக் கட்டம் போட்ட தாள் மாதிரி நேர்நேரான தெருக்கள். தெற்கு முனை அப்படியில்லை, டச்சுக்காரர் காலத்திலிருந்தே வளைந்து நெளிந்து வளர்ந்த பகுதி. அந்தப் பழைய தெருக்களில் பல ஒன்றாக வந்து மோதுகிற இடம்தான் சாத்தம் சதுக்கம். பவரி, பார்க் ரோ, ஈஸ்ட் பிராட்வே, டிவிஷன் தெரு, வொர்த் தெரு, அப்போது நியூ பவரி என்று அழைக்கப்பட்ட இன்றைய செயின்ட் ஜேம்ஸ் பிளேஸ், இன்னும் சில. பெயர் பிரிட்டிஷ் பிரதமர் வில்லியம் பிட்டுக்கு இருந்த சாத்தம் பிரபு பட்டத்திலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டில் இங்கே குதிரை, மாடு விற்கிற சந்தை இருந்தது. ஊருக்குள் நுழைகிற பெரிய சாலை பவரி, அது முடிகிற இடம் இந்தச் சதுக்கம். ஆக, ரயில் வருவதற்கு நூறு வருடம் முன்பே இது ஒரு சந்திப்புதான்.

1870இல் நியூயார்க்கின் மக்கள்தொகை ஒன்பது லட்சத்தைத் தாண்டியிருந்தது. போக்குவரத்து என்றால் குதிரை இழுக்கிற டிராம், குதிரை இழுக்கிற பஸ், இல்லையென்றால் நடை. லண்டனில் 1863லேயே சுரங்க ரயில் வந்துவிட்டது. நியூயார்க்கிலோ பாறையைக் குடையப் பணமும் இல்லை, அரசியல் சம்மதமும் இல்லை. மலிவான வழி, தெருவிலேயே இரும்புத் தூண் நட்டு மேலே தண்டவாளம் போடுவது. சார்லஸ் ஹார்வி என்பவர் 1868இல் கிரீன்விச் தெருவில் கம்பிவடம் இழுக்கிற ஒற்றைப் பாதை ஒன்றைப் போட்டுக் காட்டினார். கம்பிவடம் சரிப்பட்டு வரவில்லை, கம்பெனி கைமாறியது, 1871இல் சின்ன நீராவி இன்ஜின்களைக் கட்டி ஓட்டினார்கள். அது ஓடியது. அதிலிருந்து பிறந்ததுதான் நியூயார்க் எலிவேட்டட் ரயில்ரோடு கம்பெனி. ஊர் மக்கள் இந்த வகை ரயிலைச் செல்லமாக 'எல்' என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

1877இல் அந்தக் கம்பெனியைக் கைக்குள் கொண்டுவந்தவர் சைரஸ் ஃபீல்ட். அட்லாண்டிக் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போடும் திட்டத்தை விடாப்பிடியாக நடத்தி முடித்த அதே ஆள். கடலுக்கடியில் கம்பி போட்டவருக்குத் தெருவுக்கு மேலே ரயில் விடுவது பெரிய விஷயமாகத் தெரியவில்லை போலிருக்கிறது, வேகம் அப்படி. 1878 ஆகஸ்ட் 26ஆம் தேதி மன்ஹாட்டனின் தென்முனையான சவுத் ஃபெர்ரியிலிருந்து 42ஆம் தெருவின் கிராண்ட் சென்ட்ரல் வரை மூன்றாம் அவென்யூ எல் திறந்தாயிற்று. சாத்தம் சதுக்கம் நிலையமும் அன்றைக்கே திறந்தது. அந்த வருடம் முடிவதற்குள் பாதை 129ஆம் தெரு வரை, அதாவது ஹார்லெம் ஆற்றங்கரை வரை நீண்டுவிட்டது. இன்று ஒரு நிலையத்துக்கு லிஃப்ட் போடவே எத்தனை வருடம் ஆகிறது என்று பார்க்கிறவர்களுக்கு இது நம்ப முடியாத வேகம். ஆனால் சுற்றுப்புறத்தில் குடியிருந்தவர்களை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை என்பதும் அந்த வேகத்துக்கு ஒரு காரணம். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த இரண்டு வருடத்தில்தான் இது சந்திப்பானது. 1879 மார்ச்சில் சாத்தம் சதுக்கத்திலிருந்து பார்க் ரோ வழியாக சிட்டி ஹாலுக்கு ஒரு கிளை போட்டார்கள். தூரம் கொஞ்சம்தான், ஆனால் பயங்கரக் கூட்டம். அந்த முனையில் நகராட்சித் தலைமையகம் இருந்தது, பெரிய செய்தித்தாள்களின் அலுவலகங்கள் வரிசையாக இருந்தன, 1883இல் புரூக்ளின் பாலமும் அதே இடத்தில் வந்து இறங்கியது. 1880 மார்ச்சில் போட்டிக் கம்பெனியான மெட்ரோபாலிடன் எலிவேட்டட் கட்டிய இரண்டாம் அவென்யூ எல், ஆலன் தெரு, டிவிஷன் தெரு வழியாக வந்து இதே நிலையத்தில் சேர்ந்தது. அதற்குள் இரண்டு கம்பெனிகளையும் மன்ஹாட்டன் ரயில்வே என்ற மூன்றாவது கம்பெனி குத்தகைக்கு எடுத்திருந்ததால் சண்டை சச்சரவு இல்லாமல் இணைப்பு நடந்தது. அந்த மூன்றாவது கம்பெனி 1881இல் ஜே கூல்ட் கைக்குப் போயிற்று. அந்தக் காலத்துப் பங்குச் சந்தையில் பேர் சொன்னாலே பயப்படுகிற ஆள் அவர். 1887இல் ஃபீல்டும் அவரிடம் பெரும் நஷ்டத்துக்குப் பங்குகளை விற்றுவிட்டு ஒதுங்க வேண்டியதாயிற்று.

ஆக வடக்கே இரண்டு கிளை (இரண்டாம் அவென்யூ, மூன்றாம் அவென்யூ), தெற்கே இரண்டு கிளை (சவுத் ஃபெர்ரி, சிட்டி ஹால்). வடக்கிலிருந்து வருகிற எந்தப் பாதையின் ரயிலுக்கும் தெற்கில் இரண்டு போக்கிடம். இவை எல்லாம் ஒரே மட்டத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும்? ஒரு ரயில், தண்டவாளம் பிரிகிற பாயின்டில் ஊர்ந்து திரும்பி முடிக்கும்வரை மற்ற மூன்று பக்கமும் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். சாத்தம் சதுக்கத்தில் முதல் முப்பத்தைந்து வருடம் இந்தத் தலைவலிதான். தெருவுக்கு மேலே, அதுவும் இவ்வளவு கோணல்மாணலான சந்திப்பில், வளைவுகளைப் பெரிதாக எடுக்க இடம் கிடையாது. பாதையைத் தெருவின் போக்கிலேயேதான் வளைக்க முடியும். அதனால் வண்டிகள் இங்கே மெதுவாகத்தான் வரும், சக்கரம் தண்டவாளத்தில் உரசுகிற கீச்சுச் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும்.

கட்டணம் ஆரம்பத்தில் 10 சென்ட், காலையும் மாலையும் வேலைக்குப் போய்வருகிற நேரத்தில் மட்டும் 5 சென்ட். 1886 முதல் எல்லா நேரமும் 5 சென்ட். அந்த 5 சென்ட் 1948 வரை மாறவே இல்லை. இதைச் சும்மா ஒரு தகவலாகச் சொல்லவில்லை, பிற்பாடு இந்த ரயிலின் கழுத்தை நெரித்த காரணங்களில் ஒன்று இது. அறுபது வருடத்துக்கு மேல் டிக்கெட் விலை ஏறாத ஒரு ரயிலுக்குப் பராமரிப்புப் பணம் எங்கிருந்து வரும்?

சரி, கீழே இருந்தவர்களின் கதைக்கு வருவோம். முதல் இருபத்தைந்து வருடம் இவை நீராவி ரயில்கள். இன்ஜின்கள் சின்னவைதான், ஆனாலும் கரி கரிதானே. மேலிருந்து சாம்பல், நெருப்புப் பொறி, சுடு எண்ணெய், தண்ணீர் எல்லாம் நடந்துபோகிறவர் தலையில் கொட்டும். குதிரைகள் மிரண்டு ஓடும். பவரியில் தண்டவாளங்களைத் தெருவுக்கு நடுவில் போடாமல் இரண்டு ஓரமும் நடைபாதையை ஒட்டிப் போட்டிருந்தார்கள், அதனால் இரண்டாம் மாடி ஜன்னலைத் திறந்தால் ரயில் பெட்டியில் இருப்பவரின் முகம் தெரியும். பயணிகளுக்கு அது இலவச வேடிக்கை. குடியிருந்தவர்களுக்கோ ஜன்னலைத் திறந்தால் கரி, மூடினால் புழுக்கம், இரண்டுக்கும் நடுவே சில நிமிடத்துக்கு ஒரு ரயில். ஆலன் தெரு இதைவிட மோசம், குறுகலான தெருவில் இரண்டு தண்டவாளம் போட்டு மேலே மூடியதுபோல் ஆகிவிட்டதால் பகலிலேயே இருட்டு.

இதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் முக்கியமானவர் ரூஃபஸ் ஸ்டோரி. சாத்தம் சதுக்கத்திலிருந்து சவுத் ஃபெர்ரிக்குப் போகிற கிளையில், ஃபிரன்ட் தெருவில் அவருக்கு ஒரு கட்டிடம் இருந்தது. தெரு அரசாங்கத்துக்குச் சொந்தமாக இருக்கலாம், ஆனால் தெருவை ஒட்டிய கட்டிடத்துக்கு வெளிச்சமும் காற்றும் வழியும் கிடைக்கிற உரிமை உண்டு, அதை நஷ்டஈடு கொடுக்காமல் பறிக்க முடியாது என்பது அவருடைய வாதம். நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1882இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவ்வளவுதான், பாதை நெடுகிலும் இருந்த கட்டிடக்காரர்கள் வரிசையாக வழக்குப் போட ஆரம்பித்தார்கள், கம்பெனி பல வருடம் நஷ்டஈடு கொடுத்துக்கொண்டே இருந்தது. அமெரிக்கச் சொத்துச் சட்டத்தில் இந்த வழக்கு இன்றும் பேசப்படுகிறது. என்னைக் கேட்டால், எல் பாதைகளை இறுதியில் இடித்த அரசியலின் விதை 1955இல் இல்லை, இந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது. சொத்துக்காரர்கள் ஒன்றுசேர்ந்து குரல் கொடுத்தால் ரயில் கம்பெனி பணியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்னொரு பக்கம், அந்த இருட்டிலும் ஒரு பிழைப்பு வளர்ந்தது. ஒருகாலத்தில் நாடகக் கொட்டகைகளும் கௌரவமான கடைகளும் இருந்த பவரி, எல் வந்தபின் சாராயக் கடை, அடகுக் கடை, சில சென்ட்டுக்குப் படுக்கை தருகிற விடுதி என்று சரிந்தது. எல்லாப் பழியும் ரயிலுக்கு இல்லை, வசதியானவர்கள் அதற்கு முன்பே வடக்கே நகர ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் தலைக்கு மேலே இரும்புக் கூரை வந்த தெருவில் பணக்காரக் கடை எதுவும் இருக்க விரும்பவில்லை. சாத்தம் சதுக்கத்தில் நிலையத்தைச் சுற்றி மலிவான முடிவெட்டும் கடைகளும் பச்சை குத்தும் கடைகளும் குவிந்தன. துறைமுகத்து மாலுமிகள்தான் வாடிக்கை. மின்சாரத்தில் இயங்குகிற பச்சை குத்தும் கருவிக்கு 1891இல் முதன்முதலில் காப்புரிமை வாங்கிய சாமுவேல் ஓ'ரைலி இங்கேதான் கடை வைத்திருந்தார். அவருக்குப் பின் சார்லி வாக்னர் அதே சதுக்கத்தில் பல பத்தாண்டுகள் தொழில் செய்தார். இன்று உலகம் முழுக்க இருக்கிற டாட்டூ கடைகளின் கருவி ஒருவகையில் இந்த ரயில் நிலையத்தின் நிழலில் பிறந்தது. நிலையத்தைப் பற்றிய கட்டுரைகளில் இதை யாரும் சொல்வதில்லை, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

1888 மார்ச்சில் ஒரு பெரும் பனிப்புயல் வந்தது. எல் ரயில்கள் நடுவழியில் நின்றுவிட்டன, பயணிகள் தெருவுக்கு மேலே பெட்டிக்குள் மாட்டிக்கொண்டார்கள். கீழே ஏணி கொண்டுவந்து சாய்த்து, இறங்குகிறவர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கினார்கள் சிலர். (இப்படிப்பட்ட ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு.) தரைக்கு மேலே ரயில் விட்டால் வானிலை கையில் பிடிகொடுக்காது என்பது அன்றைக்கு எல்லாருக்கும் உறைத்தது, சுரங்க ரயில் வேண்டும் என்ற பேச்சுக்கு வலு வந்தது. 1904 அக்டோபரில் முதல் சுரங்க ரயில் திறந்தது. ஆனால் அது சாத்தம் சதுக்கம் பக்கம் வரவில்லை, மேற்கே தள்ளிப் போனது. எனவே நிலையத்தின் கூட்டம் உடனே குறைந்துவிடவில்லை.

அதற்குள் எல் நவீனமாகியிருந்தது. 1902, 1903இல் நீராவி போய் மின்சாரம் வந்தது, பக்கத்தில் ஓடுகிற மூன்றாம் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கிற முறை. கரியும் சாம்பலும் ஒழிந்தன, சத்தம் மட்டும் ஒழியவில்லை. சுரங்க ரயிலை நடத்தவிருந்த ஐ.ஆர்.டி. கம்பெனி 1903இல் எல் பாதைகள் அனைத்தையும் 999 வருடக் குத்தகைக்கு எடுத்தது. ஆமாம், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. நடைமுறையில் அது 37 வருடம் நீடித்தது.

1913இல் நகராட்சியும் ரயில் கம்பெனிகளும் போட்ட இரட்டை ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக எல் பாதைகளில் விரைவு ரயிலுக்குத் தனித் தண்டவாளம் போட முடிவானது. அப்போதுதான் சாத்தம் சதுக்கத்தின் பழைய தலைவலிக்கும் மருந்து கிடைத்தது. 1915, 1916இல் நிலையத்தைக் கிட்டத்தட்டப் புதிதாகக் கட்டி, இரண்டு அடுக்காக்கி, ஒரு பாதை இன்னொன்றைக் குறுக்கே வெட்டாமல் மேலும் கீழுமாகக் கடக்கிற மாதிரி செய்தார்கள். ரயில்களை நிறுத்தாமல், தெருவையும் மூடாமல், தலைக்கு மேலேயே செய்த வேலை இது. 1916 ஜனவரி 17ஆம் தேதி விரைவு ரயில்கள் ஓட ஆரம்பித்தன. நீங்கள் பார்த்த 1930களின் வரைபடத்தில் இருப்பது இந்த இரண்டாவது நிலையம். அந்தக் காலத்துப் படங்களில் பார்த்தால் சதுக்கத்துக்கு ஆகாயமே இல்லை, எங்கே திரும்பினாலும் இரும்பு விட்டம், தூண், படிக்கட்டு, அதன் நடுவே வெளிச்சம் பட்டை பட்டையாகத் தெருவில் விழுகிறது.

மூன்றாம் அவென்யூ எல்லின் நிலையங்களில் ஒரு பழமை கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. மரத்தாலான காத்திருப்பு அறை, குளிர்காலத்தில் கரி போட்டு எரிக்கிற தொப்பை அடுப்பு, வண்ணக் கண்ணாடி ஜன்னல். தொடக்க காலத்தில் டிக்கெட்டை ஒரு பெட்டிக்குள் போட வேண்டும், பக்கத்தில் நிற்கிற ஊழியர் கைப்பிடியை அழுத்தினால் உள்ளே அது துண்டாகிவிடும், மறுபடி பயன்படுத்த முடியாது. அணுகுண்டு வெடித்த காலத்துக்குப் பிறகும் மன்ஹாட்டன் நடுவில் கரி அடுப்பு வைத்த ரயில் நிலையம் இருந்தது என்பது விநோதம்தான். ரசிகர்களுக்கு அது அழகு, நகராட்சிக்கு அவமானம்.

இனி வெட்டும் படலம்.

1930களில் ஐ.ஆர்.டி. திவாலானது. மேயர் லா கார்டியாவின் நகராட்சி எல் பாதைகளைப் பழைய இரும்பாகத்தான் பார்த்தது. அவருடைய காலத்தில் ஆறாம் அவென்யூ எல் 1938 டிசம்பரில் மூடப்பட்டது, அதற்குக் கீழேயே சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள் என்பதால் நியாயம் இருந்தது. 1940 ஜூனில் நகரம் ஐ.ஆர்.டி.யை வாங்கியது, வாங்கிய கையோடு ஒன்பதாம் அவென்யூ எல்லில் பெரும்பகுதியையும் இரண்டாம் அவென்யூ எல்லின் வடபாதியையும் மூடியது. இரண்டாம் அவென்யூவில் மிச்சமிருந்த தென்பாதி 1942 ஜூன் 13இல் போயிற்று. போர்க்காலம், இரும்புக்கு ஏகப்பட்ட தேவை. இரண்டாம் அவென்யூவின் கீழே சுரங்க ரயில் வரும் என்று 1929லிருந்தே திட்டம் இருந்ததால், எடுத்தால் என்ன என்று தோன்றியிருக்கும். சாத்தம் சதுக்கத்தின் நாலு கிளைகளில் முதலாவது இப்படி அறுந்தது. இரண்டு அடுக்காகக் கட்டியதன் காரணமே அத்தோடு பாதி போய்விட்டது.

இரண்டாவதாக, சவுத் ஃபெர்ரி கிளை 1950 டிசம்பர் 22இல் மூடியது. கோயென்டிஸ் ஸ்லிப் அருகே பாம்பு மாதிரி வளைந்து போன அழகான பாதை அது. அப்புறம் 1950களின் தொடக்கத்தில் இரவு ரயில்களும் ஞாயிறு ரயில்களும் நின்றன. மூன்றாவதாக 1953 டிசம்பர் 31இல் சிட்டி ஹால் கிளை. அதோடு சாத்தம் சதுக்கம் சந்திப்பு என்ற நிலையை இழந்து வெறும் கடைசி நிறுத்தமாகிவிட்டது. அதிலும் யோசித்துப் பாருங்கள், சிட்டி ஹாலில் இறங்கி வேலைக்குப் போனவர்கள் இப்போது சாத்தம் சதுக்கத்தில் இறங்கி நடக்க வேண்டும். யார் நடப்பார்கள்? வேறு ரயிலுக்குப் போனார்கள். கூட்டம் குறைந்தது. கூட்டம் குறைந்ததைக் காட்டி, இந்தப் பாதையை இனி நடத்தத் தேவையில்லை என்றார்கள்.

1953இல் புதிதாக உருவான போக்குவரத்து ஆணையத்துக்கு ஒரு சட்டக் கட்டாயமும் இருந்தது, நடத்துகிற செலவை டிக்கெட் பணத்திலிருந்தே எடுக்க வேண்டும். மூன்றாம் அவென்யூவில் நிலம் வைத்திருந்தவர்கள் எல் போனால் சொத்து விலை ஏறும் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், விலை ஏறினால் நகராட்சிக்கு வரி வரும். இவ்வளவு பேர் ஒரு பக்கம் நிற்கும்போது, எதிர்ப்பக்கம் நின்றது தினசரிப் பயணி மட்டும்தான். 1955 மே 12 வியாழக்கிழமை மாலை ஆறு மணி தாண்டி சாத்தம் சதுக்கத்திலிருந்து கடைசி ரயில் வடக்கே கிளம்பியது. நினைவுப் பொருள் சேர்க்கிறவர்களும் புகைப்படக்காரர்களும் பெட்டி நிறைய. அந்தக் கோடையிலேயே இடிப்பு ஆரம்பித்தது, 1956 தொடக்கத்துக்குள் மன்ஹாட்டனில் மூன்றாம் அவென்யூ எல் இருந்த சுவடே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிராங்ஸில் ஒரு துண்டு மட்டும் 1973 ஏப்ரல் வரை ஓடியது.

இடித்தது தப்பா என்று அடுத்த கேள்வி வரும், வழக்கமாக வரும். பவரியில் குடியிருந்தவர்களைக் கேட்டிருந்தால் பெரும்பாலானோர் "எடுங்கள்" என்றுதான் சொல்லியிருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எழுபது வருடத்துக்கு மேல் ஆன கட்டமைப்பு, கட்டாந்தரையில் ஓடுவதுபோல் கடகடவென்று சத்தம், தீப்பிடிக்கிற மர நிலையங்கள். மூன்றாம் அவென்யூவின் வடபகுதியில் எல் போன கொஞ்ச காலத்திலேயே அலுவலகக் கோபுரங்களும் அடுக்குமாடிகளும் முளைத்தன, வெளிச்சம் வந்தது. அதெல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கோபுரங்களில் வேலை பார்க்க வந்தவர்கள் எதில் வந்தார்கள்? கிழக்கு மன்ஹாட்டனில் முன்பு இரண்டு எல்லும் ஒரு சுரங்கப் பாதையும் இருந்தன, 1955க்குப் பிறகு லெக்சிங்டன் அவென்யூ சுரங்கம் ஒன்று மட்டும். அது அமெரிக்காவிலேயே மிக நெரிசலான பாதையாகிப் பல பத்தாண்டு மூச்சுத் திணறியது. சிகாகோவைப் பாருங்கள், 1897இல் கட்டிய லூப் மேம்பாலப் பாதையை அங்கேயும் 1970களில் இடித்துச் சுரங்கமாக்கத் திட்டம் போட்டார்கள், திட்டம் நின்றுபோனது, பாதை தப்பித்தது, இன்று அதுதான் அந்த நகரத்தின் அடையாளம். நியூயார்க்கிலேயே புரூக்ளின், குவீன்ஸ், பிராங்ஸ் பகுதிகளில் எல் பாதைகள் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பழுது பார்த்தால் ஓடும். என் கருத்து, எல் போக வேண்டியதுதான், ஆனால் மாற்று ரயில் வந்த பிறகு போயிருக்க வேண்டும். ஆறாம் அவென்யூவில் அந்த வரிசையில்தான் செய்தார்கள், இங்கே தலைகீழாகச் செய்தார்கள்.

அந்த மாற்று ரயில் என்ன ஆயிற்று என்பதுதான் வயிற்றெரிச்சல். 1951இல் சுரங்க ரயிலுக்கென்று 50 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள், இரண்டாம் அவென்யூ பாதை வரும் என்ற நம்பிக்கையில். பணம் பழைய பாதைகளுக்குப் புதுப் பெட்டி, சிக்னல், மின் வசதி என்று செலவானது. 1957 வாக்கில் அந்தப் பாதை இப்போதைக்கு வராது என்பது வெளிப்படையாகிவிட்டது, அதற்குள் எல் பாதையை இடித்து முடித்தாயிற்று. 1967இல் மறுபடி கடன் பத்திரம், 1972 அக்டோபரில் பூமி பூஜை மாதிரி ஒரு விழா, சில இடங்களில் தோண்டலும் நடந்தது. 1975இல் நகரமே திவால் விளிம்புக்குப் போக, வேலை நின்றது. அப்போது தோண்டி முடித்த துண்டுகளில் ஒன்று எங்கே இருக்கிறது தெரியுமா? சைனாடவுனில், கனால் தெருவுக்கும் டிவிஷன் தெருவுக்கும் இடையே, பழைய சாத்தம் சதுக்கம் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். தண்டவாளம் இல்லை, ரயில் இல்லை, வெறும் கான்கிரீட் பெட்டி, நாற்பது ஐம்பது வருடமாகச் சும்மா கிடக்கிறது. இரண்டாம் அவென்யூ சுரங்க ரயிலின் முதல் கட்டம் ஒருவழியாக 2017 ஜனவரி 1இல் திறந்தது, 96ஆம் தெரு வரை புதிதாக மூன்று நிலையங்கள், செலவு 400 கோடி டாலருக்கு மேல். எல்லாம் வடக்கே பணக்காரப் பகுதியில். நாலாம் கட்டத்தில் தெற்கே வரவேண்டிய நிலையங்களின் பட்டியலில் சாத்தம் சதுக்கம் என்ற பெயர் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்குப் பணம் ஒதுக்கப்படவில்லை.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். மன்ஹாட்டன் மேற்கில் ஹை லைன் என்று ஒரு மேம்பாலப் பூங்கா இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு "பழைய எல் இதுதானே" என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. அது 1930களில் கட்டிய சரக்கு ரயில் பாதை, கிடங்குகளுக்குள்ளேயே போய்ச் சாமான் இறக்கியது. எல்லோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது.

நேரில் போய்ப் பார்க்க நினைத்தால், சதுக்கத்தில் நிலையத்தின் ஒரு ஆணிகூட மிச்சமில்லை என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். தூண்கள் நின்ற இடத்தில் இப்போது கார்கள் ஏழெட்டுப் பக்கமிருந்து வந்து குழம்புகிற ஒரு சாலைச் சந்திப்பு. நடுவில் 1962இல் வைத்த கிம்லாவ் நினைவு வளைவு, இரண்டாம் உலகப் போரில் இறந்த சீன அமெரிக்க வீரர்களுக்காக. பக்கத்தில் லின் ஸெஷூ சிலை, சீனாவில் அபின் வியாபாரத்தை எதிர்த்த அதிகாரி, அது 1997இல் வந்தது. செயின்ட் ஜேம்ஸ் பிளேஸ் பக்கம் திரும்பினால் 17ஆம் நூற்றாண்டின் யூதக் கல்லறை ஒன்று இருக்கிறது, சவுத் ஃபெர்ரி போன எல் ரயில்கள் அதை ஒட்டித்தான் போயின. அங்கே போவதற்கு, கனால் தெருவிலோ ஈஸ்ட் பிராட்வேயிலோ சுரங்க ரயிலில் இறங்கி நடக்க வேண்டும். இல்லையென்றால் எம் 103 பஸ் பிடியுங்கள், ஹார்லெமிலிருந்து வந்து பவரி வழியாக சிட்டி ஹால் வரை போகிறது, கடைசிப் பகுதி ஏறக்குறைய பழைய எல் பாதையேதான். மாலை ஐந்தரைக்கு மட்டும் ஏறாதீர்கள், பவரியில் பஸ்ஸைவிட நடந்தால் சீக்கிரம் போய்விடலாம்.